ராஜா கல்லறையில் ஒரு பாத்ரூம் டைல்ஸ்

போன குளிர்காலத்தில் எங்கள் கம்பெனி டீலர்களை எகிப்துக்கு அழைத்துப் போனது. நாங்கள் செய்வது பாத்ரூம் டைல்ஸ். ஃபாக்டரி ராஸ் அல் கைமாவில், ஷோரூம் ஷார்ஜாவில். ஷோரூமில் நான் சேல்ஸ் கோஆர்டினேட்டர். டீலர்கள் கோபமாக வந்தால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பதும், சரக்கு உடைந்து போனால் கம்பெனி சார்பில் வருத்தப்படுவதும் என் வேலை. அதனால் டூர் முழுக்க என்னையும் கூடவே வரச்சொன்னார் எம்.டி. சுற்றிப் பார்க்க அல்ல. யாராவது கோபப்பட்டால் நான் வேண்டுமே.

எம்.டி. கோயம்புத்தூர்ப் பக்கம். கெட்டவர் இல்லை. உலகத்தில் உள்ள எல்லாமே சுவரில் ஒட்டத்தக்கதா, தரையில் ஒட்டத்தக்கதா என்று மட்டும் பார்ப்பார். அந்த வருடம் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் எகிப்து எழுத்துகள் வரைந்த தூணைப் பார்த்துவிட்டு வந்து, ‘பாரோ கலெக்‌ஷன்’ என்று ஒரு புது டைல்ஸ் வரிசையை அறிவித்தார். மணல் நிறம். அதில் புடைப்பாகப் பறவை, பாம்பு, கண், நடக்கிற கால். பார்க்கப் பழையதாக இருக்க வேண்டும் என்று மேலே மெல்லிய வெடிப்புகள் வரும்படி சுட்டார்கள். புது பாத்ரூம் வேண்டும் என்று வருகிறவருக்கு இடிந்த பாத்ரூமை விற்கும் யோசனை. நன்றாகவே விற்றது.

டிசைன் செய்தவள் எங்கள் ஆபீஸில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். இணையத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தாள். அழகாகத்தான் வரைந்தாள். எம்.டி. அதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பறவையும் ஒரே பக்கம் பார்க்கிறது, எடுப்பாக இல்லை, பாதியைத் திருப்பிப் போடு என்றார்.

“எழுத்தைத் திருப்பிப் போட்டா அர்த்தம் மாறாதோ, சேர்?” என்று அவள் கேட்டாள்.

“பாத்ரூம்ல உக்காந்துட்டு எவனுங்க படிக்கப் போறான்?” என்றார் அவர்.

கேட்லாக்கில் என்ன எழுதுவது என்று நான் கேட்டபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஆயுள், செல்வம், சக்தி. இதைத் தரும் ராஜ மந்திரம்னு போட்டுருங்க அம்மணி.”

“அப்படித்தான் எழுதியிருக்கா சார்?”

“பாத்தாத் தெரியலீங்களா? பாம்புன்னா சக்தி. பறவைன்னா செல்வம். அந்தக் கால் இருக்குதில்ல, அது ஆயுள். நிக்காம நடந்துட்டே இருக்கு பாருங்க.”

லக்ஸோரில் நாங்கள் இறங்கிய மறுநாள் ஒரு முழுநாள் டூர். காலையில் ராஜாக்களின் பள்ளத்தாக்கு, பிறகு ஒரு பெண்ணரசியின் கோயில், மத்தியானத்துக்கு மேல் கர்னாக் கோயில். பஸ் நிறைய டீலர்கள். மலையாளிகள், ஹைதராபாத்காரர்கள், பெஷாவர்க்காரர் ஒருவர். தமிழ் பேச எம்.டி., நான், டிசைனர், அப்புறம் கீழக்கரைக்காரர் ஒருவர். அவருக்கு ஷார்ஜாவில் கடை. பல வருடங்களாக எங்கள் பெரிய டீலர். எல்லோரும் அவரைக் காக்கா, அவர் ஊர்ப் பேச்சில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் புதிதாக வீடு கட்டியிருந்தார். மேலும் கீழுமாக எல்லா பாத்ரூமிலும் பாரோ கலெக்‌ஷன்தான் ஒட்டியிருந்தார். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போனை நீட்டுவார்.

கைடு ஐம்பதை ஒட்டிய எகிப்துக்காரர். குவைத்தில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவராம். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்களுக்கு எகிப்துக்காரர் என்றால் ஒரே ஓர் உருவம்தான்: எச்.ஆர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, லீவு கேட்டால் ‘புக்ரா’, நாளைக்கு, என்று சொல்கிறவர். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அதனால் ஓர் எகிப்துக்காரர் எங்களுக்காக பஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது டீலர்களில் பாதிப்பேருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிலர் பழக்கதோஷத்தில் சலாம் வைத்தார்கள்.

அவருக்கு ‘P’ வராது, ‘B’தான் வரும். அதை இங்கே எழுதிக்காட்ட வழியில்லை. நம் எழுத்துக்கும் அவர் நாக்குக்கும் இரண்டும் ஒன்றுதான். எங்கள் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ஃபேமிலி சிராமிக்’. கொஞ்சம் யாராவது பின்தங்கினாலும், “ஃபேமிலி சிராமிக், யல்லா!”, கிளம்புங்கள், என்று மலை எதிரொலிக்கக் கத்துவார்.

கல்லறைகளுக்கு உள்ளே கைடு பேசக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே வெளியே நிழலில் எங்களை நிறுத்தி வைத்து, ஒரு பெரிய அட்டைப் படத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். ராஜா பட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே கல்லறை வெட்ட ஆரம்பித்துவிடுவார்களாம். ராஜா நீண்ட நாள் இருந்தால் கல்லறை பெரிதாகுமாம். வெட்டுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே தனிக் குடியிருப்பு.

“கேம்ப்!” என்றார் பெஷாவர்க்காரர். கைடு ஆமாம் என்று தலையாட்டினார். ஒருமுறை அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தானியம் வந்து சேரவில்லையாம். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் போய்க் கோயிலில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

எம்.டி. என் பக்கம் குனிந்தார். “அந்தக் காலத்துலயே இந்தப் பிரச்சினை இருந்திருக்குதுங்க பாருங்க,” என்றார், மறைந்த அந்த ராஜாவுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டு. தொழிலாளிகள் தங்கும் ராஸ் அல் கைமா கேம்ப்பில் ஏசி ரிப்பேர் என்று அந்த வாரம்தான் ஆட்கள் புகார் கொடுத்திருந்தார்கள். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. சுற்றுலாவில் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது இல்லையா?

உள்ளே இறங்கினோம். மலைக்குள் சாய்வாக நீளும் பாதை. இரண்டு பக்கமும் சுவர் முழுக்க எழுத்து, மேலே நீலக்கூரையில் நட்சத்திரங்கள். நேற்று அடித்த பெயிண்ட் போல இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டிசைனர் சுவரை உரசிவிடாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

“எல்லாம் ஒரே பக்கந்தான் பாக்குது, அக்கா. நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றாள் என்னிடம்.

எம்.டி. சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “இத்தனை பெரிய சுவத்துல ஜாயிண்ட்டே தெரியலீங்களே, எப்படீங்க?”

அதன் பிறகுதான் அவர் தோள்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஷோரூம் ஸாம்பிளை எடுத்தார். எங்கள் பாரோ டைல்ஸ். டிஸ்ப்ளே போர்டுக்காகப் பின்னால் பச்சை வெல்வெட் துணி ஒட்டியது. இதை அவர் ஷார்ஜாவிலிருந்து சுமந்து வந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. நுழைவாயிலில் ஸ்கேனிங் மெஷின் இருந்தது. மெஷின்காரர் அப்போது பக்கத்து ஆளோடு ஃபுட்பால் பேசிக்கொண்டிருந்தார்.

“அம்மணி, ஒரு போட்டோ புடிங்க. ஒரிஜினலும் நம்முளுதும் பக்கத்துல பக்கத்துல.”

மூவாயிரம் வருடத்துச் சுவருக்குப் பக்கத்தில் டைல்ஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் போனை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அலறல். கலாபியா என்கிற நீள அங்கி அணிந்த கல்லறைக் காவலர் ஓடி வந்தார். அவர் கண்ணால் பார்த்தது இதுதான்: ஒரு வெளிநாட்டுக்காரர் சுவரருகே நிற்கிறார், கையில் எழுத்து பொறித்த, வெடிப்பு விழுந்த, பழைய ஒரு துண்டு.

“ஹராமி! ஹராமி!”

அந்தச் சொல்லுக்கு எங்கள் எல்லோருக்கும் ஹிந்தி அர்த்தம்தான் தெரியும். அது நல்ல அர்த்தம் இல்லை. ஹைதராபாத்காரர்கள் சட்டைக் கையை மடித்தார்கள். எம்.டி. முகம் சிவந்துவிட்டது. “என்னைப் போயி என்ன வார்த்தை சொல்றானுங்க அம்மணி!”

சத்தம் கேட்டு, விதியை மீறி, கைடு உள்ளே ஓடிவந்தார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு எம்.டி.யின் தோளில் கைவைத்துச் சமாதானம் சொன்னார். “கோபப்படாதீர்கள் சார். எங்கள் பாஷையில் அது கெட்ட வார்த்தை இல்லை. உங்களைத் திருடன் என்றுதான் சொல்கிறார்.”

டூரிஸ்ட் போலீஸ் வந்தது. எம்.டி.யையும் டைல்ஸையும் வெளியே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். பேச்சுத் துணைக்கு என்று என்னையும், வரைந்தவள் என்று டிசைனரையும் கைடு சேர்த்துக்கொண்டார். காக்கா யாரும் கூப்பிடாமலே வந்தார். எங்கே விவகாரம் நடந்தாலும் காக்கா அங்கே இருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொல்லியல் துறை இன்ஸ்பெக்டர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் ஸ்கார்ஃப், காலில் தூசி படிந்த ஷூ, கையில் பாதி குடித்த டீ கிளாஸ்.

“இந்தப் புள்ளையாங்க ஆபீசரு?” என்று எம்.டி. என்னிடம் கிசுகிசுத்தார். “மேல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேளுங்க.”

நான் கேட்கவில்லை. அவள் டைல்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். நகத்தால் வெடிப்பைச் சுரண்டினாள். பிறகு திருப்பி, வெல்வெட் துணியின் ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். பின்பக்கம் எங்கள் ஃபாக்டரி முத்திரையும், அதற்குக் கீழே ‘சுவருக்கு மட்டும், தரையில் பதிக்க வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கையும் இருந்தன. அவள் அதை உரக்கப் படித்தாள். போலீஸ்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் காவலர். கடைசியில் எம்.டி.யும், எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

அதோடு போயிருக்கலாம். எம்.டி.க்குத்தான் மனசு வரவில்லை. உயிர் போய்த் திரும்பி வந்த தெம்பில், நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டார். “மேடம், இதில் எழுதியிருப்பது ஆயுள், செல்வம், சக்தி. சரிதானே?”

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டைல்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“யார் இதைத் திருப்பிப் போட்டது?” என்றாள். “பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இதில் எல்லோரும் நடுவில் வந்து முகத்தோடு முகம் முட்டிக்கொள்கிறார்கள்.”

டிசைனர் எம்.டி.யைப் பார்த்தாள். எம்.டி. கூரையைப் பார்த்தார்.

“இது இறந்தவர்களுக்குப் படைக்கிற வாசகம்,” என்று இன்ஸ்பெக்டர் சொன்னாள். “ராஜாவின் பெயரால் இன்னாருடைய ஆத்மாவுக்கு என்று கடவுளிடம் கேட்பது. ரொட்டி, பீர், மாடு, வாத்து, நல்ல துணி. கல்லறையில் எழுதுவார்கள். இங்கே இறந்தவரின் பெயர் வர வேண்டும்.” டைல்ஸின் ஓரத்தை விரலால் தட்டினாள். “உங்கள் டைல்ஸ் அதற்கு முன்னால் முடிந்துவிட்டது.”

“பெயர் இல்லையென்றால்?” என்று நான் கேட்டேன்.

“அங்கே குளிக்கிறவர் யாரோ, அவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

காக்காவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் வேண்டிய சொல் மட்டும் தெளிவாக விழுந்துவிட்டது. “பீரா? இந்தப் புள்ள பீருன்னுதானே சொல்லுது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முழுவதையும் தமிழில் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அல்லாவே! ஹஜ்ஜு செஞ்சவன் வூட்டுல, மேலயும் கீழயும், சுவரு பூரா மௌத்தானவங்களுக்கு பீரு ஊத்தி வச்சிருக்கேனா? நீங்க என்னா சொல்லி வித்திய? ஆயுசுன்னியளே!”

எம்.டி. என் பக்கம் கையைக் காட்டினார். கோபப்படுகிறவர்களுக்குத்தான் நான் இருக்கிறேனே. நான் காக்காவை வெளியே அழைத்துப் போய் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் ஊருக்குப் போன் போட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மனைவியிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். இன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு எல்லா டைல்ஸையும் பெயர்த்து எறியச் சொன்னார்.

அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், நிதானமாகக் கேட்டது.

“மௌத்தானவங்களுக்கு ரொட்டி வேணுமா, துணி வேணுமான்னு கேட்டு எழுதி வச்சிருக்காங்களா?”

“ஆமாங்குறேன்!”

“நல்ல மனுசங்க. இம்புட்டு வருசத்துல என்னய அப்புடி ஒருத்தரும் கேட்டதில்ல. இருக்கட்டும். டைல்ஸுல யாரும் கைய வைக்கப்புடாது.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. காக்கா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஷார்ஜாவில், அந்த அம்மா கீழக்கரையில். வருடத்தில் ஒரு மாதம் லீவு. பஸ்ஸில் அவர் எல்லோருக்கும் காட்டிய படங்களில் பாத்ரூம்தான் இருந்தது, அந்த அம்மா ஒன்றிலும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டியது என் வேலை. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தேன். அவரே, “தண்ணியக் கொண்டா தங்கச்சி,” என்றார்.

நான் உள்ளே திரும்பியபோது எம்.டி.க்கு வேறு கவலை. டைல்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாள். பள்ளத்தாக்கிலிருந்து எழுத்துள்ள எந்தத் துண்டும் அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது. அனுமதிக்குக் கெய்ரோவில் கேட்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று எம்.டி. கேட்டார்.

“புக்ரா,” என்றாள் அவள், இனிமையாக.

எங்கள் கண் முன்னாலேயே டைல்ஸை மேசையில் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தாள்.

இந்த விவகாரத்தில் காலை முழுக்கக் கரைந்துவிட்டது. பெண்ணரசியின் கோயிலுக்கு நேரமில்லை என்று கைடு அறிவித்தார். பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, மலையடிவாரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்த தூண்களை ஜன்னல் வழியாகவே காட்டினார். அந்த அம்மாள் ராஜாவாகவே ஆண்டவளாம். சிலைகளில் பொய்த்தாடி வைத்துத்தான் செதுக்கியிருக்கிறார்களாம். பிறகு வந்தவர்கள் பல இடங்களில் அவள் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்களாம்.

“தாடி வைச்சும் விடேல்லை, பாருங்கோ அக்கா,” என்றாள் டிசைனர். பாரோ கலெக்‌ஷன் கேட்லாக்கில் வடிவமைப்பு என்ற இடத்தில் எம்.டி. பெயர்தான் இருக்கிறது.

கோயிலுக்குத்தான் நேரமில்லை. கற்பாத்திரக் கடைக்கு நேரம் இருந்தது. கமிஷன் கடை என்று பார்த்தவுடனே தெரிந்தது. பஸ் நின்றதும் வாசலில் சும்மா இருந்த நாலு பேர் உளியை எடுத்து ஆளுக்கொரு கல்லைத் தட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே அலமாரி அலமாரியாக ஜாடிகள், பூனைகள், ராஜா தலைகள். எல்லாம் கையால் செதுக்கியது என்றார் கடைக்காரர். எம்.டி. ஒரு பூனையை எடுத்தார், தலைகீழாகப் பிடித்தார், விரலால் சுண்டினார்.

“அச்சுல ஊத்துனதுங்க. கல்லே இல்ல. பழசு மாதிரி தெரிய மேல ஒரு கோட்டிங் குடுத்திருக்கான். என்ன ஏமாத்துங்க இது!” என்று எங்களை எல்லாம் எச்சரித்தார். அவர் குரலில் இருந்த தார்மீகக் கோபம் நூற்றுக்கு நூறு உண்மையானது. ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. கைடின் முகம் விழுந்துவிட்டது. அதன்பிறகு நாங்கள் ஃபேமிலி சிராமிக் இல்லை, வெறும் “யல்லா”தான்.

கர்னாக்கில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் தூண்கள், காடு மாதிரி. குளத்தோரத்தில் ஒரு கல் வண்டு இருக்கிறது, சுற்றி வந்தால் நினைத்தது நடக்கும் என்று யாரோ சொல்ல, டீலர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றினார்கள். காக்கா மட்டும் சுற்றவில்லை. தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து மறுபடியும் ஊருக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை. நான் தாண்டிப் போகும்போது, “அது இருக்கட்டும் புள்ள, ஒனக்கு என்னா வேணும், அதச் சொல்லு,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். பஸ் கிளம்பும்வரை அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

எம்.டி. தூண் நிழலில் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒளி.

“கேட்லாக்கை மாத்தணுமுங்க அம்மணி. எழுதிக்கங்க.”

உண்மையைப் போடப்போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

“எகிப்து தொல்லியல் துறை எங்களது டைல்ஸை நேரில் பரிசோதித்து, தங்கள் வசம் வைத்திருக்கிறது. இதுல ஏதாச்சும் பொய் இருக்குதுங்களா?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“அப்ப பறவைகளை நேராத் திருப்பி வரையட்டோ, சேர்?” என்று டிசைனர் கேட்டாள்.

“எதுக்குங்க? அச்சு செஞ்சாச்சு. அப்புடியே இருக்கட்டும்.”

புதுக் கேட்லாக் அந்த மாதமே அச்சாகி வந்தது. விற்பனை முன்னைவிட ஏறியது. டிசைனர் கோடையில் தோஹாவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகுமுன் ஷோரூம் டிஸ்ப்ளே போர்டில் திருப்பிப் போட்ட ஒரு பறவையை மட்டும் பெயர்த்து, அங்கே நேராகப் பார்க்கிற ஒன்றை ஒட்டிவிட்டுப் போனாள். இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

போன வாரம் ஷார்ஜா முவைலாவில் புது வில்லாவுக்குக் குடிபோகும் ஒரு இளம் ஜோடி வந்தது. நம்மூர்க்காரர்கள்தான். அந்தப் பெண் பாரோ டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

எம்.டி. கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குறையே இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்குங்க,” என்றேன்.

“யாருக்கு?” என்றாள் அவள்.

அந்த வில்லாவில் எத்தனை பாத்ரூம் என்று நான் கேட்டேன்.